அப்பாவுக்குக் கொடுத்த பழைய ஸ்மார்ட் வாட்ச்: பேட்டரி பிரச்சனை பற்றி ஒரு மருத்துவரின் கருத்து

"டாக்டர், நான் புது வாட்ச் வாங்கிட்டு என் பழசை அப்பாவுக்குக் கொடுத்துட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கே சார்ஜ் தீர்ந்துடுது. பவர் சேவிங் போட்டு வச்சா ராத்திரி வரைக்கும் வருது. அப்படியே விட்டுடலாமா?"

இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள். 

இது மொபைல் கடையில் கேட்க வேண்டிய கேள்வி தானே என்று தோன்றும். பாதி அப்படித்தான். மீதிப் பாதி மருத்துவக் கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையா படிங்க.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்.

நேரம் பார்க்க, நடையை எண்ண, போன் வந்தால் தெரிய... இதுக்கு மட்டும்னா ஆறு மணி வரை ஓடுற வாட்ச் போதும். தாராளமா கொடுங்க.

ஆனால் "அப்பாவோட ஹார்ட்டை இது பார்த்துக்கும்" என்ற நம்பிக்கையில் கொடுப்பதாக இருந்தால், ஒன்று பேட்டரியைச் சரி செய்து கொடுங்க. இல்லை, அந்த நம்பிக்கையை எடுத்துட்டு வெறும் வாட்சா கொடுங்க. 

ஏன்னு சொல்றேன்.

வாட்சைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை வெளிச்சம் மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் ரத்தம் கூடும், அப்போது ஒளி அதிகமாக உறிஞ்சப்படும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் உள்ள இடைவெளியை இதை வைத்துத்தான் வாட்ச் கணக்குப் போடுகிறது. அந்த இடைவெளி தாறுமாறாக இருந்தால் "உங்கள் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது" என்று எச்சரிக்கும்.

இதில் நாம் முக்கியமாகத் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற பிரச்சனையை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் அங்கே தேங்கும். தேங்கினால் கட்டி உருவாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தப் பிரச்சனை உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம்.

இதில் சிக்கல் என்னவென்றால், பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இன்னும் சிலருக்கு வரும், போகும். நீங்கள் மருத்துவமனைக்கு வந்து இசிஜி எடுக்கும் அந்தப் பத்து விநாடியில் இதயம் சமர்த்துப் பிள்ளையாக நடந்துகொள்ளும். வீட்டுக்குப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும்.

அதனால் நாள் முழுக்கக் கையில் இருக்கும் கருவிக்கு இங்கே ஒரு மதிப்பு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆப்பிள் ஹார்ட் ஸ்டடி என்ற பெரிய ஆய்வு 2019ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை வந்தவர்களுக்கு நெஞ்சில் இசிஜி பட்டை ஒட்டிப் பார்த்தபோது 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது.

அந்த ஆய்வில் வாட்ச் எப்படி முடிவெடுத்தது என்பதுதான் நமக்கு முக்கியம். ஒரே ஒரு முறை பார்த்து எச்சரிக்காது. ஆள் அசையாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, விட்டு விட்டு அளக்கும். 48 மணி நேரத்துக்குள் 6 அளவீடுகளில் 5 ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் எச்சரிக்கும்.

இப்போது யோசிங்க. 70 வயது மனிதர் நீண்ட நேரம் அசையாமல் இருப்பது எப்போது?

தூங்கும்போது.

உங்க பழைய வாட்ச் எங்கே இருக்கும் அப்போது? சார்ஜ் தீர்ந்து மேஜை மேலே. இல்லை, பவர் சேவிங்கில் கையில்.

இந்தப் பவர் சேவிங் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே.

ஆப்பிள் வாட்சில் 2022ல் வந்த வாட்ச்ஓஎஸ் 9 முதல் லோ பவர் மோட் இருக்கிறது. அதைப் போட்டால் எப்போதும் எரியும் திரை நிற்கும். கூடவே ஒழுங்கற்ற துடிப்பு, அதிகத் துடிப்பு, குறைந்த துடிப்பு ஆகிய மூன்று எச்சரிக்கைகளும் நிற்கும். இது ரகசியம் இல்லை, அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. மற்ற நிறுவன வாட்ச்களிலும் இந்த மாதிரி மோட் எதையெல்லாம் நிறுத்துகிறது என்று ஒருமுறை படிச்சுப் பாருங்க.

அப்பாவின் இதயத்துக்காக வாட்ச் கொடுத்தோம். வாட்ச் ராத்திரி வரை வரணும்னு மோட் போட்டோம். மோட் போட்டதில் இதயத்தைப் பார்ப்பதே நின்றுபோச்சு. கையில் வாட்ச் இருக்கு, நேரம் காட்டுது, எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கு.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

70 வயதைத் தாண்டியவர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. மகள் வெளிநாட்டில். ஒரு மாதமாக அவ்வப்போது நெஞ்சு படபடப்பு. வந்தது வேறு காரணத்துக்கு, முழங்கால் வலி. பேச்சுவாக்கில் படபடப்பைச் சொன்னார்.

"ஏன் முன்னாடியே வரல ஐயா?" என்றேன்.

கையை நீட்டிக் காட்டினார். "இது ஒண்ணும் சொல்லலையே சார். ஏதாவது இருந்தா இது சொல்லும்னு பாப்பா சொல்லிச்சு."

நாடியைப் பிடித்தேன். ஒழுங்கே இல்லை. இசிஜி எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வாட்சைத் தட்டிப் பார்த்தால் பவர் சேவிங் ஆன்ல இருக்கு. எத்தனை மாசமா அப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியல.

மகளிடம் போனில் பேசினேன். "நான்தான் டாக்டர் அதைப் போட்டு வைக்கச் சொன்னேன், சார்ஜ் நிக்கட்டும்னு" என்று அழுதுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எச்சரிக்கைகள் நிற்கும் என்ற வரி, மோட் போடும்போது திரையில் ஒரு முறை வரும். அதை யார் படித்தார்கள், யார் சரி என்று தட்டினார்கள், யாருக்குத் தெரியும்? அந்த ஐயாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

நல்லவேளை, பக்கவாதம் வருவதற்கு முன் பிடித்தோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பித்தாச்சு. 

என் கேள்வி நிறுவனங்களுக்குத்தான். "உயிரைக் காப்பாற்றும்" என்று விளம்பரம் செய்து விற்கும் பொருள், தான் கவனிப்பதை நிறுத்தும்போது தினமும் ஒரு தடவையாவது "நான் இப்போ இதயத்தைப் பார்க்கலை" என்று போட்டிருப்பவரின் மொழியில் சொல்ல வேண்டாமா? மருத்துவமனையில் மானிட்டர் ஒயர் கழன்றால் வார்டே கேட்கிற மாதிரி கத்தும். வாட்ச் மட்டும் ஏன் சத்தம் போடாமல் கடமையிலிருந்து நழுவணும்?

சரி, பேட்டரிக்கு வருவோம். ஏன் இப்படி ஆகிறது?

வாட்சில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. ரொம்பச் சின்னது. போனில் 4000, 5000 மில்லி ஆம்பியர் அவர் இருக்கும் இடத்தில் இதில் சுமார் 300தான். அதனால் தினமும் அடிமட்டம் வரை காலியாகி, தினமும் நிரம்புகிறது. ஆப்பிள் தன் வாட்ச் பேட்டரிக்குச் சொல்லும் கணக்கு, 1000 முழுச் சுற்றுக்குப் பிறகு பழைய கொள்ளளவில் 80 சதவீதம். தினம் ஒரு சுற்று என்று வைத்தால் மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது நாலு, அஞ்சு வருஷ வாட்ச்.

"80 சதவீதம் இருந்தா ஐந்தில் நாலு பங்கு நேரமாவது ஓடணுமே டாக்டர், 30 சதவீதம் காட்டும்போதே பொட்டுனு அணையுதே?"

நல்ல கேள்வி. இதற்கு இதயத்தை வைத்தே பதில் சொல்லலாம்.

பம்ப் செய்யும் திறன் குறைந்த இதயம் உள்ளவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். நன்றாகப் பேசுவார், சிரிப்பார். மாடிப்படி ஏறச் சொல்லுங்கள். பத்தாவது படியில் மூச்சு வாங்கும். இருப்பு இருக்கிறது, ஆனால் திடீரென்று கேட்கும்போது எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

வயதான பேட்டரியும் இப்படித்தான். கொள்ளளவு குறைவது ஒரு பக்கம். உள்ளே மின்தடை கூடுவது இன்னொரு பக்கம். சும்மா நேரம் காட்டும்போது ஒன்றும் தெரியாது. ஜிபிஎஸ் ஆன் ஆகும், அழைப்பு வரும், இசிஜி எடுக்கத் தொடங்கும்... அந்த நிமிஷம் மின்னழுத்தம் சரேல் என்று விழும். வாட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சார்ஜரில் வைத்தால் உடனே உயிர் வந்து 25 சதவீதம் என்று காட்டும்.

அதாவது அவசரத்தில் அழுத்தும்போதுதான் இது கைவிடும். இதைத்தான் நான் பயப்படுகிறேன்.

எல்லாச் சார்ஜ் பிரச்சனையும் பேட்டரி வயதானதால் வருவதில்லை. காய்ச்சல் என்றதும் ஆன்டிபயாட்டிக் எழுதக் கூடாது இல்லையா, அதே மாதிரிதான். முதலில் விசாரணை.

எப்போது ஆரம்பித்தது? மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்றால் வயது. நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று என்றால் பேட்டரி குற்றவாளி இல்லை. சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு ஓரிரு நாள் பின்னணியில் வேலை நடக்கும், சார்ஜ் குடிக்கும். காத்திருங்க. அதன் பிறகும் அடங்கவில்லை என்றால் அணைத்து ஆன் செய்யுங்க. அதுக்கும் சரியாகலைன்னா போனிலிருந்து இணைப்பை நீக்கி மறுபடி இணையுங்க.

முழுசா சார்ஜ் ஏறுதா? இதை யாருமே பார்ப்பதில்லை. வியர்வை, எண்ணெய், பவுடர் எல்லாம் வாட்சின் அடியிலும் சார்ஜரிலும் படிந்து, ராத்திரி முழுக்க வைத்தும் 60 சதவீதம்தான் ஏறியிருக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

போன் எங்கே இருக்கு? அப்பா போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுத் தோட்டத்தில் இருப்பார். சிம் உள்ள வாட்ச் என்றால் அது நெட்வொர்க்கைத் தேடித் தேடியே களைத்துவிடும். சிக்னல் சரியில்லாத ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த காரணம். ஸ்ட்ராப்.

உங்க மணிக்கட்டுக்கு வாங்கிய ஸ்ட்ராப் அது. அப்பாவின் மணிக்கட்டு மெலிந்தது. வாட்ச் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். சென்சாருக்குச் சரியான சிக்னல் கிடைக்காதபோது அது விட்டுவிடாது. வெளிச்சத்தைக் கூட்டும், அளக்கும் வேகத்தையும் கூட்டும். ஆக, சார்ஜும் காலி, அளவீடும் தப்பு. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, சதையோடு ஒட்டி, ஆனால் அழுந்தாமல் கட்டணும். கையை ஆட்டினால் வாட்ச் நகரக் கூடாது. சின்ன சைஸ் ஸ்ட்ராப் ஒன்று வாங்கிக் கொடுங்க, பல வீடுகளில் பாதிப் பிரச்சனை அங்கேயே தீரும்.

(ஸ்ட்ராப் பேச்சு வந்ததால் ஒன்று. "வாட்ச் அலர்ஜி" என்று காட்டும் தடிப்புகளில் நிறைய, சோப்பும் ஈரமும் அடியில் தங்குவதால் வருவது. குளித்ததும் கழற்றி, கையையும் வாட்சையும் துடைத்துவிட்டுப் போட்டால் அடங்கிடும்.)

சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் எதை நிறுத்துவது?

எப்போதும் எரியும் திரையை நிறுத்துங்க. கையைத் தூக்கினால் திரை எரிவதை நிறுத்துங்க, தட்டினால் எரியட்டும். வாட்ஸ்அப் அறிவிப்பை நிறுத்துங்க. குடும்பக் குழுவில் காலை அஞ்சு மணியிலிருந்து வரும் குட்மார்னிங் பூக்கள் ஒவ்வொன்றுக்கும் வாட்ச் அதிர்ந்து எரிகிறது. வேண்டாத ஆப்களின் பின்னணி வேலையை நிறுத்துங்க. பின்னணியில் ஆக்சிஜன் அளவு பார்ப்பது பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை, அதையும் நிறுத்தலாம்.

நிறுத்தக் கூடாதவை: இதயத்துடிப்பு, ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை, கீழே விழுந்தால் அழைக்கும் வசதி.

விழுந்தால் அழைக்கும் வசதியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆப்பிள் வாட்சில் 55 வயதுக்கு மேல் என்று பதிவிட்டிருந்தால் அது தானாக ஆன் ஆகும். உங்க பிறந்த தேதியோடு அப்படியே கொடுத்திருந்தால் வாட்சைப் பொறுத்தவரை அப்பாவுக்கு வயது 32. பழைய விவரங்களை முழுக்க அழித்து, அப்பாவின் போனோடு, அப்பாவின் வயது எடையோடு புதிதாக இணையுங்க. அவசரத்துக்கு அழைக்கும் எண்ணில் பக்கத்தில் இருப்பவர் ஒருவரையும் சேருங்க. நீங்க நியூஜெர்சியில் இருந்தால் அப்பா விழுந்ததை உங்களுக்கு மட்டும் சொல்லி என்ன பயன்?

சார்ஜ் போடும் நேரத்தையும் மாற்றுங்க. ராத்திரி சார்ஜ் என்பது போன் பழக்கம். வாட்ச் ராத்திரி கையில் இருக்கணும். காலையில் குளிக்கும்போது போட்டு, டிபன் சாப்பிட்டு, பேப்பர் படித்து முடிக்கும் வரை ஒரு மணி நேரம். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம். பழைய பேட்டரிக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கவனம். வாட்சிலும் சார்ஜரிலும் காந்தம் இருக்கு. சட்டைப் பையில் போடுவது, நெஞ்சு மேல் வைத்துப் படுப்பது வேண்டாம். 15 செமீ தள்ளியே இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது 30 செமீ.

வெயில். 35 டிகிரிக்கு மேல் இந்தப் பேட்டரிகளுக்கு ஆகாது. மே மாதம் நம்ம ஊரில் நிழலிலேயே அதைத் தாண்டும். ஜன்னல் ஓரம், கார் டேஷ்போர்டு, டிவி மேலே வைத்து சார்ஜ் போடாதீங்க. அதற்காக ஃப்ரிட்ஜில் வைக்கும் வீடியோ வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கும்.

இப்போது நான் சமரசமே செய்யாத இடம். பேட்டரி உப்பினால்.

திரை ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருக்கும். பின்மூடி விலகியிருக்கும். கையில் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். இதில் எது இருந்தாலும் கழற்றிடுங்க. சார்ஜ் போடாதீங்க, அழுத்தி மூடப் பார்க்காதீங்க, குத்தாதீங்க. 

பயமுறுத்தச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் ஃபிட்பிட் அயானிக் வாட்ச்கள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. பேட்டரி சூடானதாக 115 புகார்கள், 78 பேருக்குத் தீக்காயம், அதில் இரண்டு மூன்றாம் நிலைக் காயம். விற்ற எண்ணிக்கைக்கு இது சிறிய எண்தான். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோயில் உணர்வு மங்கியவர், தூக்க மாத்திரை போட்டவர், பக்கவாதத்தில் கை மரத்தவர்... இவர்களுக்குச் சுடுவது தெரியாது. அப்பாக்கள் பலர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். பிறகு மருத்துவமனை.

பேட்டரி மாற்றலாமா, புது வாட்சா?

கொள்ளளவு 80க்குக் கீழே போயிருந்தால் (செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் தெரியும்) மாற்றுவதுதான் என் ஓட்டு. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முதலில் விலை கேளுங்க. தெருமுனைக் கடையில் குறைவாக முடியும், ஆனால் திரையை ஒட்டும் பசை சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் தாங்கும் தன்மை போய்விடும். அப்படி மாற்றினால் அப்பாவிடம் குளிக்கும்போது கழற்றச் சொல்லிடுங்க.

பேட்டரி மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. சுவர்க் கடிகாரத்துக்கு நாமே மாற்றுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி கருவிகள் இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி முதல் கேட்கிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம். உடல்நலக் கருவி என்று விற்கும் எதற்கும் இது கட்டாயம் ஆகணும் என்பது என் எண்ணம்.

வீட்டில் இன்னும் கையில் கட்டும் பிபி மெஷின் இல்லையென்றால், வாட்ச் பேட்டரிக்கு முன் அதை வாங்குங்க. பக்கவாதத்துக்கு ரத்தக் கொதிப்புதான் பெரிய காரணம், அதை அந்தப் பழைய வாட்ச் பார்க்காது. மாரடைப்பையும் பார்க்காது. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் வாட்ச் பச்சைக்கொடி காட்டினாலும் 108ஐக் கூப்பிடுங்க.

பேட்டரி மாற்றியாச்சு, செட்டிங்ஸும் சரி செய்தாச்சு என்றால், ஒரு ராத்திரி கட்டிக்கொண்டு தூங்கச் சொல்லுங்க. காலையில் அப்பாவின் போனில் ஹெல்த் ஆப்பைத் திறந்து, ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே இதயத்துடிப்புப் புள்ளிகள் இருக்கான்னு பாருங்க. வரிசையா இருந்தா வாட்ச் முழிச்சிருந்திருக்கு. அந்த இடம் வெறுமையா இருந்தா, ஏதோ ஒரு மோட் இன்னும் ஆன்ல இருக்கு. தேடி நிறுத்திட்டு மறுநாள் ராத்திரி திரும்பவும் பாருங்க.